இந்தச் சம்பளம் ஒட்டுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 41. சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறேன். ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில், ஏற்றுமதி ஆவணப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. போன வருடக் கடைசியில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அன்றைக்கே மனசு விட்டுப்போச்சு. வேறு இடம் பார்த்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. மே மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச்சில் போனஸ் ஏறியதும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறேன். ஒரு மாத நோட்டீஸ்.

இந்த இடைப்பட்ட காலம்தான் என்னைத் தின்கிறது. அன்றைய வேலையை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். மிச்ச நேரம் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அலுவலக அரட்டைச் செயலியான டீம்ஸில் பச்சை விளக்கு அணையாமல் இருக்க அடிக்கடி மவுஸை அசைக்கிறேன். இல்லாவிட்டால் சன்னல் வழியே பிரானி முனையத்தின் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பு இரவு பத்து மணிக்கும் ஏஜென்ட்டுக்குப் பதில் போடுவேன். இப்போது ஆறு அடித்தால் கிளம்பிவிடுகிறேன். புதிதாக வந்திருக்கும் பெண் ஏதாவது கேட்டால்கூட ‘நாளைக்குச் சொல்றேன்’ என்று தள்ளிவிடுகிறேன்.

அப்பா செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் 31 வருடம் வெல்டராக இருந்தவர். ‘வாங்குற சம்பளத்துக்கு வஞ்சனை பண்ணாதே, உழைக்காத காசு உடம்புல ஒட்டாது’ என்று சொல்லியே வளர்த்தார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. மாதக் கடைசியில் சம்பளம் கணக்கில் ஏறும்போது திருடின மாதிரி இருக்கிறது. ஒன்பது வருடம் உழைப்பாளி என்று பேர் வாங்கியது நான்தானா, இல்லை இதுதான் என் நிஜ முகமா? புது இடத்திலும் இப்படியே ஆகிவிடுவேனோ? கணவர் ‘எல்லாரும் செய்றதுதானே, கொஞ்ச நாள் ஜாலியா இரு’ என்கிறார். என்னால் முடியவில்லை.

இன்னொன்று. நான் போகும்போது பிரியாவிடை விருந்து வைப்பார்கள். இப்படி இருந்துவிட்டு அந்தச் சாப்பாட்டில் போய் உட்காரலாமா?

பெயர் வேண்டாம், பொங்கோல்

பதில்:

அன்புள்ள பொங்கோல் வாசகிக்கு,

சாப்பாட்டுக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மவுஸ்.

டீம்ஸில் ஐந்து நிமிடம் கையை எடுத்தால் பச்சை போய் மஞ்சள் வந்துவிடும். நீங்கள் சும்மா இருப்பதாகச் சொல்லும் ஐந்து மணி நேரத்துக்கு, நிமிடத்தைக் கணக்குப் பார்த்தால் குறைந்தது அறுபது தடவை மவுஸைத் தொட வேண்டும். அந்த அறுபது தடவையும் ‘நான் இங்கே மும்முரமாக இருக்கிறேன்’ என்று ஒரு சின்னப் பொய் சொல்கிறீர்கள். சாயங்காலம் வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறி உட்கார்ந்ததும் கண் சொருகுகிறது, வேலையே செய்யாமல் எதற்கு இவ்வளவு களைப்பு என்று ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். வேலை செய்வதைவிட வேலை செய்வதாகக் காட்டிக்கொள்வதுதான் உடம்பை உருக்கும். ஓபி அடிப்பது ஏதோ சுகமான காரியம் என்று நினைப்பவர்கள் அதை முழுநேரமாகச் செய்துபார்த்ததில்லை.

இந்த ஊரில் ஒவ்வொரு மொழிக்காரரும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மலாய் நண்பர்கள் ‘சுரி தூலாங்’ என்பார்கள், எலும்பைத் திருடுவது. சீன சகாக்கள் ‘பாம்பு தின்பது’ என்பார்கள். நமக்கு ஓபி. தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்கு மட்டும் யாரும் மரியாதையாக ஒரு பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்புவதையும் மவுஸை அசைப்பதையும் ஒரே மூட்டையில் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மூட்டையைப் பிரித்துப் போடுவோம்.

அப்பாவிடமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நீங்கள் உங்களை அளப்பது அவர் கோலால்தான்.

வெல்டரின் வேலை கண்ணுக்குத் தெரியும். இத்தனை அங்குலம் பற்றவைத்தார் என்று அளக்கலாம். உள்ளே ஓட்டை விட்டிருந்தால் எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிடுவார்கள். வேலை முடிந்தால் முடிந்ததுதான், கார்டு குத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்கு இரும்புத் தகடு அவருக்கு மெசேஜ் அனுப்பாது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1968இல் வந்த வேலை நியமனச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 44 மணி நேரம் என்று எல்லை போட்டது. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. உங்கள் அப்பா ஓவர்டைம் பார்த்த மாதங்களில் சம்பளச் சீட்டில் அது தனி வரியாக வந்திருக்கும். அம்மா இருந்தால் கேட்டுப்பாருங்கள், எந்த மாதம் எந்தக் கப்பல் வந்ததால் எவ்வளவு ஓவர்டைம் வந்தது, அதில் உங்களுக்கு என்ன வாங்கினார்கள் என்பதுவரை சொல்வார்.

‘சம்பளத்துக்கு வஞ்சனை பண்ணாதே’ என்று சொன்னவர், தன் உழைப்புக்கும் வஞ்சனை நடக்க விட்டவர் இல்லை. அவருடைய கணக்கில் இரண்டு பக்கம் இருந்தது. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

ஓவர்டைமுக்கான சட்ட உரிமை இன்று எல்லாருக்கும் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி வரை, மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரை. ஒன்பது வருட அனுபவத்தில் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். ஆகவே இரவு பத்து மணிக்குப் போட்ட பதில்கள் எதிலும் வரவாகவில்லை. நாளைக்கு ஒரு மணி நேரம், வருடத்துக்கு 240 வேலைநாள் என்று வைத்தாலே ஒன்பது வருடத்துக்கு 2,160 மணி நேரம். வாரத்துக்கு 44ஆக வகுத்தால் 49 வாரம். கிட்டத்தட்ட ஒரு முழு வருடத்தை யாரும் கேட்காமலே கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் உங்கள் கணவர் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லுங்கள். 49 வாரம் கொடுத்தேன், அதனால் மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்பது உங்கள் மனதுக்குள் மட்டும் ஓடும் பற்று வரவு. நிறுவனம் அதில் கையெழுத்துப் போடவில்லை. நான் கணக்குப் போட்டது வேறு காரணத்துக்காக. இத்தனை நாளும் ‘நான்’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஆள், தன் வேலையோடு அந்த உபரி ஒரு மணி நேரமும் சேர்ந்தவர். உபரி நின்றதும், மிச்சமிருப்பது சோம்பேறி என்று தோன்றுகிறது. மிச்சமிருப்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலை. ஆறு மணிக்குக் கிளம்புவதை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்காக ஒரு நிமிடம்கூட வருத்தப்பட வேண்டாம்.

சம்பாவும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்ற சொல் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஆனால் நம் ஆட்கள் சம்பளத்தைப் பார்க்கும் விதத்தில் அந்த உப்பு இருக்கத்தான் செய்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை. பசித்த வேளையில் சோறு போட்டவரை நினைத்துச் சொன்னது அது. மாதச் சம்பளம் உங்கள் உழைப்புக்கு ஈடு. அதற்கு நன்றிக்கடன் என்ற வட்டி கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால், வேலையை விட்டுப் போவதே துரோகம் என்று நினைக்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

சரி, வருத்தப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது.

1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் குற்றவுணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டினார். ‘நான் ஒரு தப்புச் செய்தேன்’ என்பது முதலாவது. ‘நானே தப்பானவள்’ என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பரிகாரம் உண்டு, போய்ச் சரிசெய்யலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, மூலையில் உட்கார்ந்து நொந்துகொள்ளத்தான் முடியும். உங்கள் கடிதத்தில் ‘நிஜ முகம்’, ‘திருடின மாதிரி’ என்று இரண்டாவது வகைதான் பக்கம் பக்கமாக ஓடுகிறது. முதலாவது வகை ஒரே ஒரு வரியில் வருகிறது. எழுதிவிட்டு நீங்களே அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

‘புதிதாக வந்திருக்கும் பெண் ஏதாவது கேட்டால்கூட நாளைக்குச் சொல்றேன் என்று தள்ளிவிடுகிறேன்.’

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது 33 வயது. இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு கட்டுமான நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தேன். எனக்கும் மேலதிகாரிக்கும் ஒத்துப்போகவில்லை, நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைசி மாதம் நான் அடித்த ஓபியைப் பார்த்தால் நீங்கள் வெட்கப்படுவதை நிறுத்திவிடுவீர்கள். வங்கிக்குப் போகிறேன் என்று கிளம்பி, தேக்கா மார்க்கெட் உணவங்காடியில் தே ஹாலியாவை, அதாவது இஞ்சி டீயை, வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை, பொய் சொல்வானேன்.

அங்கே ஒரு தம்பி இருந்தார், பட்டுக்கோட்டைப் பக்கம். வொர்க் பெர்மிட் முடியும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பளச் சீட்டு வாங்க அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் கேட்பார்: ‘அக்கா, ரினியூ ஆயிடுச்சாக்கா?’ ‘ஆயிடும் தம்பி, போட்டாச்சு’ என்பேன். போடவில்லை. அவருடைய தாள்கள் என் மேசைத் தட்டில், ஒரு உணவகத்தின் விளம்பரத் தாளுக்கு அடியில் கிடந்தன. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். நான் போனபிறகு என் மேசையை ஒழித்த சக ஊழியர் அதைக் கண்டெடுத்து, சில நாளே மிச்சமிருந்தபோது அனுப்பி, புதுப்பித்துவிட்டார். பெரிய சேதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு ராத்திரி எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. ‘நீ போகப்போறேன்னு அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? உன்னை நம்பித்தானே இருந்தான்’ என்றார். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் இன்னும் அடையாத பையன், இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லையாம். அலுவலகத்தில் எல்லாரிடமும் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்டபோதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ‘ஆயிடும்’ என்றேன்.

நான் கோபத்தில் இருந்தது மேலதிகாரிமேல். வேலையைச் செய்யாமல் விட்டால் அவருக்கு வலிக்கும் என்று உள்ளூர ஒரு கணக்கு. அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை. மாமியார்மேல் இருக்கும் கோபத்தைப் பாத்திரத்தில் காட்டினால் நசுங்குவது பாத்திரம்தான்.

உங்கள் கதையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சோம்பேறியாகிவிடவில்லை. கோபமாக இருக்கிறீர்கள். ஒன்பது வருடம் கேட்காமலே கொடுத்தீர்கள், யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில். யாரும் பார்க்கவில்லை என்று டிசம்பரில் தெரிந்துபோனது. அந்தக் கோபத்தை எங்கேயும் வாய்விட்டுச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. வேண்டுமானால் இப்போது சொல்லுங்கள், கணவரிடமோ தோழியிடமோ. ‘எனக்கு அநியாயம் நடந்தது’ என்று ஒரு தடவை உரக்கச் சொல்லிவிட்டால், மவுஸ்மூலமாகச் சொல்ல வேண்டிய அவசியம் குறையும். போகும் நாளில் மேலதிகாரியிடமும் நிதானமாகச் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். அது உங்கள் இஷ்டம், நான் அதில் கட்சி கட்டமாட்டேன்.

அந்தப் புதுப் பெண்ணைப் பற்றி நீங்கள் வேறு எதுவும் எழுதவில்லை என்பதால் மின்னஞ்சலில் கேட்டேன். நீங்கள் அனுப்பிய பதில்: வயது 24, ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறார், காலை நாலரைக்கு எழுகிறார், சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, நீங்கள் போனால் உங்கள் பார்ட்டிகள், அதாவது வாடிக்கையாளர்கள், பாதி அவர் தலையில்தான். நீங்கள் போகப்போவது அவருக்குத் தெரியாது.

என் தம்பி சரக்குத் துறையில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன், ஏற்றுமதி ஆவணத்தில் ஒருவர் விட்டுப்போவதால் இன்னொருவர் மாட்டிக்கொள்வது எங்கே என்று. யோசிக்காமல் ‘எல்.சி. ஷிப்மென்ட்’ என்றான். எல்.சி. என்பது வங்கி கொடுக்கும் பண உறுதிக் கடிதம், அதன் வழியாகப் பணம் வருகிற சரக்கு. எல்.சி.யில் எழுதியிருப்பதோடு பி.எல்., அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு, ஒத்துப்போக வேண்டும். சரக்கின் விவரமோ துறைமுகத்தின் பெயரோ முரண்பட்டால் வங்கி திருப்பிவிடும். இதற்கான சர்வதேச விதிகளின்படி தாள்களைப் பரிசோதிக்க வங்கிக்கு ஐந்து வேலைநாள் உண்டு, கப்பல் ஏறிய 21 நாளுக்குள் தாள்களைக் கொடுத்தாக வேண்டும். திருப்பி, திருத்தி, மறுபடி கொடுப்பதற்குள் சரக்கு அங்கே துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டு கிடக்கும். இது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது இன்ன பார்ட்டிக்கு இன்ன இடத்தில் எப்போதும் இடிக்கும் என்பது. சிட்டகாங் பார்ட்டி முகவரியை எப்படி எழுதச் சொல்வார், எந்த ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டால் மூன்று நாள், போன் போட்டால் மூன்று நிமிடம், எந்தக் கப்பல் கம்பெனியின் கட்-ஆஃப், அதாவது கடைசிக் கெடு, வெள்ளிக்கிழமை மட்டும் முன்கூட்டியே வரும். ஒன்பது வருடத்தில் இதெல்லாம் உங்கள் தலைக்குள் ஏறியிருக்கும். நீங்கள் போனதும் கணினியில் ஃபைல் இருக்கும், இது இருக்காது. ஜூன் மாதம் ஒரு பி.எல். திரும்பிவரும்போது திட்டு வாங்கப்போவது உங்களுக்குப் பதவி தராதவரா, இந்தப் பெண்ணா?

உங்கள் குற்றவுணர்வுக்கு ஒரு முகவரி இருக்கிறது என்றால் அது இதுதான். நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள், திரும்பித் திரும்பி வந்தது.

ஆகவே அந்தச் சும்மா இருக்கும் ஐந்து மணி நேரத்தில் ஒன்றிரண்டை இதற்கு எடுங்கள். பார்ட்டி ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ‘கைமாற்றுக் குறிப்பு’ என்று தலைப்புப் போட்டு இப்போதே ஊரைக் கூட்ட வேண்டாம். ‘நான் லீவில் இருந்தால் பார்த்துக்கொள்ள’ என்று போடுங்கள், அது பொய்யும் இல்லை. நாளைக்குச் சொல்றேன் என்று தள்ளிய கேள்விகள் எவை என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அவர் குறித்து வைத்திருப்பார், புதிதாக வந்தவர்கள் குறித்து வைத்திருப்பார்கள். ஒன்றைச் செய்துகாட்டும்போது உங்கள் நாற்காலியில் அவரை உட்கார வைத்து நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பார்த்துக் கற்றது மறந்துபோகும், கை போட்டுக் கற்றது நிற்கும்.

மவுஸை விட்டுவிடுங்கள். மஞ்சள் வந்தால் வரட்டும். ஒன்பது வருடம் வேலை செய்தவரின் விளக்கு மஞ்சளானதற்காக யாரும் போலீஸைக் கூப்பிடப்போவதில்லை. வேலை இல்லாத நேரத்தில் துறை சம்பந்தமாக ஏதாவது படியுங்கள், எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் நாலு கோர்ஸில் சேர்ந்து நேரத்தை அடைக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் கொடுத்த 4,000 வெள்ளி எங்கேயும் ஓடிவிடாது. பிராயச்சித்தமாகப் படிக்கிற படிப்பு மண்டையில் ஏறுவதில்லை. புதிதாகப் பெரிய பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள், பாதியில் விட்டுப்போக வேண்டியிருக்கும்.

போனஸுக்குக் காத்திருப்பது பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தை எழுதும்போதே கூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூச்சப்பட வேண்டாம். அது போன வருட உழைப்புக்கு வருவது, போன வருடம் நீங்கள் உழைத்தீர்கள். ஒப்பந்தத்தை மட்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்குப் போனஸ் கிடையாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும். பணம் கணக்கில் ஏறியபிறகு கடிதம் கொடுப்பது அதனால் புத்திசாலித்தனம். மனசாட்சி உறுத்துகிறது என்று முன்னதாகவே போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான் அவர்களுக்கு நீங்கள் தரவேண்டிய அவகாசம். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாதவர்களுக்கே, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால், சட்டம் கேட்பது நாலு வாரம்.

மிச்ச வருடாந்தர விடுப்பு உங்களுடையது, அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நோட்டீஸில் கழித்துக்கொண்டால் கடைசி நாள் முன்னால் வரும், சம்பளமும் அந்த நாளோடு நிற்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி., அதாவது மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பு, வேறு கதை. வருடத்துக்கு 14 நாள் இருக்கிறதே, விடுவானேன் என்று கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. அது சேமிப்புக் கணக்கு இல்லை, உடம்பு முடியாதபோது எடுப்பது. உங்கள் கடிதம் இருக்கிற நிலையைப் பார்த்தால், பொய் எம்.சி. ஒன்று எடுத்தால் அதற்கு இன்னொரு கடிதம் எனக்கு எழுதுவீர்கள்.

புது இடத்திலும் இப்படியே ஆகிவிடுவேனோ என்ற பயத்துக்கு வருகிறேன். ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். சனி, ஞாயிறு எப்படி இருக்கிறீர்கள்? பிள்ளைகளோடு வெளியே போகவும், சிரிக்கவும், பிடித்ததைச் சமைக்கவும் மனம் வருகிறதென்றால், உங்கள் சுறுசுறுப்பு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, அலுவலகத்துக்கு வர மறுக்கிறது, அவ்வளவுதான். மே மாதம் அது உங்களோடு ரயில் ஏறும். வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை, எல்லாரும் எரிச்சலூட்டுகிறார்கள், எதைச் செய்தாலும் பிரயோஜனமில்லை என்று தோன்றுகிறது என்றால் அது வேலையில் வரும் பர்ன்அவுட்டோடு நிற்கவில்லை. வேலையில் நீண்டநாள் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் பர்ன்அவுட் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது வேலை சார்ந்த மூன்றை மட்டும்தான்: களைப்பு, வேலைமேல் வெறுப்பு, வேலைத்திறன் குறைவது. அப்படியானால் இடம் மாறுவது மட்டும் போதாது. ஏப்ரல் கடைசிக்கும் மே சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி கேளுங்கள், பாலிகிளினிக்கில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி தூக்கம் வராமல் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

புது இடத்தில் முதல் மாதம் நீங்கள் சோம்பேறியாக இருப்பீர்கள் என்ற கவலை எனக்கு இல்லை. இரவு பத்து மணிக்குப் பதில் போடத் தொடங்கிவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை. இந்தக் குற்றவுணர்வுக்கு ஈடுகட்ட, ஓடி ஓடி உழைத்து, மறுபடி ஒன்பது வருடம். முதல் வாரமே ஆறு மணிக்குக் கிளம்பிப் பழகுங்கள். பிறகு பழக முடியாது.

சன்னல் வழியே தெரியும் அந்தக் கிரேன்கள். நகரத்து முனையங்கள் எல்லாம் 2027க்குள் புதுத் துறைமுகமான துவாஸுக்கு மாறப்போகின்றன. போகும் நாள் தெரிந்தும் அந்தக் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. இதை ஒரு நல்ல உவமையாக்கி உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கிரேனுக்குப் பதவி உயர்வு மறுக்கப்படவில்லை, அதற்கு அப்பாவும் கிடையாது.

இனி அந்தச் சாப்பாடு. போங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், பேசச் சொன்னால் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர்கள் விருந்து வைப்பது ஒன்பது வருடத்துக்கு, கடைசி மூன்று மாதத்துக்கு இல்லை. ஒன்றே ஒன்று. ராத்திரி விருந்து வேண்டாம், மதியம் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி என்றால் அந்தப் பெண் பாலம் கடந்து வீடு போய்ச் சேர நடுநிசி ஆகிவிடும், மறுநாள் மறுபடி நாலரைக்கு எழ வேண்டும்.